பல் படாத பாட்டில்

சைக்கிள் பந்தயத்தில் என் வேலை தண்ணீர் கொண்டுபோவது.

ஜெயிக்கிற வேலை கேப்டனுக்கு. மற்றவர்கள் அவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றை நாங்கள் வாங்கிக்கொள்வோம். அவனுக்குப் பஞ்சரானால் நம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்போம். நான் பின்னால் வரும் டீம் கார் வரைக்கும் பின்தங்குவேன். மேனேஜர் ஜன்னல் வழியாக நீட்டும் பாட்டில்களைச் சட்டைக்குள் முதுகிலும் வயிற்றிலும் செருகிக்கொள்வேன். மறுபடி மிதித்து முன்னால் போய் ஆளாளுக்குக் கொடுப்பேன். நாள் முழுக்க இதுதான்.

இதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு விருதுநகர் பக்கத்திலிருந்து கொல்கத்தா வந்தவன். லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடையில் வேலை. மாவு வாளியைச் சைக்கிளில் கட்டி ஜாதவ்பூர் மாணவர் மெஸ்களுக்குக் கொண்டுபோவேன். வெயில், மழை, தண்ணீர் தேங்கிய தெரு, எல்லாவற்றிலும் போக வேண்டும். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் ஒருவர் என்னைப் பந்தயச் சைக்கிளில் ஏற்றினார். முன்பு மாவு. பிறகு தண்ணீர்.

எங்கள் டீம் ஒரு கம்பெனியின் டீம். சம்பளம் உண்டு, பகட்டு இல்லை. வெளிநாட்டில் குடித்த பாட்டிலை வீசிவிடுவார்களாம். எங்களுக்குப் பந்தயம் தொடங்கி முடிகிற வரைக்கும் அதே பாட்டில்கள்தான். சாயங்காலம் கழுவிக் கவிழ்த்து வைப்போம். காலையில் நிரப்புவோம். யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு கலரில் டேப் சுற்றியிருக்கும். என்னுடையது மஞ்சள். கேப்டனுடையது கறுப்பு. கறுப்பு டேப் பாட்டிலை மேனேஜரே நிரப்புவார். கொண்டுபோய்க் கொடுக்கிற என்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

டீமில் பையன்கள் எனக்கு ஷவர் என்று பேர் வைத்திருந்தார்கள். நான் குடிக்கிற விதத்துக்கு. "ஷவர் தாதா, குளிச்சு முடிச்சாச்சா? எங்களுக்கும் மிச்சம் வைங்க" என்பார்கள். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். நானும் சிரித்துவிட்டுப் போவேன். மேனேஜர் காரில் இருப்பவர். கேப்டன் முன்னால் போகிறவன், திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. அவர்கள் இருவரும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அந்த வருஷம் பெரிய பந்தயத்தின் கடைசி நாள் சிலிகுரியிலிருந்து மலை ஏறுகிற பாதை. கேப்டன் தனியாக ஏறிப்போய் ஜெயித்தான். நான் வெகு நேரம் கழித்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கைதட்ட, கடைசிக் கூட்டத்தோடு மேலே போய்ச் சேர்ந்தேன். அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவன் என்று அவனையும், சீட்டில் எண் விழுந்ததென்று என்னையும் சிறுநீர் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். கொடுத்துவிட்டு வந்து தூங்கினேன்.

பிறகு ஒருநாள் மேனேஜர் ஆபீசுக்கு வரச் சொன்னார். அவர் இந்திக்காரர். தமிழன் என்றால் அவருக்கு எல்லோரும் அண்ணாதான்.

"அண்ணா, உட்காரு. கேப்டனோட சோதனையில ஒரு மருந்து வந்திருக்கு. களைப்பு தெரியாம ஓட வைக்கிற சாமான்."

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"அவன் எடுக்கல. உன் பாட்டில்லேருந்து வந்திருக்கு. ஏத்தம் ஆரம்பிக்கிற இடத்துல அவனுக்குத் தாகம். உன் மஞ்சள் பாட்டில்லேருந்து ஒரு வாய் குடிச்சிட்டான். நாங்க எடுத்துப் பார்த்தாச்சு. அதுல மருந்து இருக்கு."

"என் பாட்டில்ல தண்ணிதான் இருந்துச்சு."

"அண்ணா, நல்லாக் கேளு. ஒத்துக்கிட்டா தண்டனை குறையும். கேப்டன் தப்பிப்பான். டீம் தப்பிக்கும். திரும்பி வந்ததும் உனக்கு கார் ஓட்டுற வேலை நான் தர்றேன். உனக்கும் வயசாகுது, எத்தனை நாள் மிதிப்பே?"

"என் சோதனையில என்ன வந்துச்சு?"

"உன்னோடதுல ஒண்ணும் வரல. நீ குடிக்கறதுக்கு முன்னாடி அவன் எடுத்துட்டானே."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். எழுந்தேன். "ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அந்தப் பாட்டிலைக் காட்டினார். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு சீல் வைத்தது. மஞ்சள் டேப். பாம்புக்குப் பால் ஊற்றி வளர்த்த மாதிரி வளர்த்துவிட்டோம் என்று சொன்னாராம். படம் எல்லா போனிலும் வந்தது. என்னைப் பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் தோற்றால் பல வருஷத் தடை. என் வயதுக்கு அது ஆயுள் தடை. அதைவிட, மருந்து கலந்தவன் என்ற பேர். அது தடை முடிந்தாலும் போகாது.

நாங்கள் காளிகாட்டில் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். என் மனைவி லேக் மார்க்கெட்டில் தென்னாட்டு மளிகைக் கடையில் பொட்டலம் போடுகிறாள். அவள் அன்றைக்கு வந்ததும் பையைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ஏங்க, கடைக்கு வர்றவுகள்லாம் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துறாக. அங்க போயி என்னதான் சொல்லிட்டு வந்தீக?"

"ஒத்துக்க மாட்டேன்னேன்."

"அப்புறம்?"

"வந்துட்டேன்."

"அம்புட்டுதானா? அவுக ஊரைக் கூட்டிப் பேசுறாக. நீங்க நாலு வார்த்தை சொல்லக் கூடாதா? வாய்ல என்ன வெத்தலையா போட்டிருக்கீக?"

"நம்புறியா?"

அவள் என்னை முறைத்தாள். "இட்லிக்கு மிளகாப்பொடி வச்சாலே இது என்ன கலர் மாறியிருக்குன்னு கேக்குற ஆளு. நீங்க மருந்து கலக்குனீகளாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

மறுநாள் பழைய முதலாளியிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாவு வாளியைக் காட்டினார்.

ஒரு பத்திரிகைக்காரப் பெண் என்னைப் பிடித்தது கடை வாசலில்தான். வங்காளி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி, கையில் மடக்காத குடை. நான் வாளியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"தாதா, உங்களைத்தான் பார்க்க வந்தேன். உங்க டீமைப் பத்தி நான் ஒரு வருஷமா விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

"பத்திரிகையில என் படம் வந்தாச்சு திதி. இன்னும் எதுக்கு?" என்றேன். திதி என்றால் அக்கா.

"அது அவங்க சொன்னதை எழுதினது. நான் இன்னும் எழுதவே ஆரம்பிக்கல."

"சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"ஓ மா! எனக்கு ஓட்டவே தெரியாது. ஒருதடவை ஏரிக்கரையில விழுந்து பல்லு உடைஞ்சது. அதோட சரி."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு. இருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் கிளம்பிவிட்டேன். மாவு புளித்துவிடும்.

அவள் விடவில்லை. மறுபடி வந்தாள். மழையில் ஒருநாள், துர்கா பூஜைக்குப் பந்தல் மூங்கில் இறங்கிக்கொண்டிருந்த தெருவில் என் பின்னாலேயே ஆட்டோவில் வந்து, ஒவ்வொரு மெஸ் வாசலிலும் இறங்கி ஒவ்வொரு கேள்வி கேட்டாள். கார் எந்தப் பக்கம் வரும்? பாட்டிலை யார் நீட்டுவார்? கறுப்பு டேப்பை யார் தொடலாம்? நான் ஒரு வார்த்தையிலும் இரண்டு வார்த்தையிலும் பதில் சொன்னேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை. கடைசி மெஸ்ஸில் சொன்னாள்:

"டீமை விட்டுப் போன பசங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன் தாதா. கேப்டனுக்கு மருந்து மேனேஜர்தான் கலக்குறார்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் பேர் போட ஒத்துக்கலை. வெறும் பேச்சை வச்சு நான் எழுத மாட்டேன். எழுதினா அவங்க வக்கீல் என்னைத் தின்னுடுவார். உங்களையும் காப்பாத்தாது. கையில பிடிச்சுக் காட்ட ஒரு பொருள் வேணும்."

"என்கிட்ட ஒண்ணும் இல்லையே."

"இருக்கோ இல்லையோ, ஆபீசுக்கு வாங்க. உட்கார்ந்து பேசலாம்."

போனேன். ஜாதவ்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. மின்விசிறி கத்திக்கொண்டிருந்தது. சுவரில் படங்கள் ஒட்டியிருந்தாள். எல்லாம் எங்கள் பந்தயப் படங்கள். நடுவில் பெரிதாக அந்தப் பாட்டிலின் படம், மஞ்சள் டேப்போடு. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

படி ஏறிய வியர்வை. மேசையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. "குடிங்க தாதா" என்றாள். எடுத்துத் தலையைத் தூக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டேன். வைத்துவிட்டு வாயைத் துடைத்தேன்.

அவள் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆல்கொச்சே" என்றாள். வாய் படாமல் குடிப்பதற்கு அவர்கள் மொழியில் அப்படிச் சொல்வார்கள். "என் பாட்டில்ங்கறதால இப்படிக் குடிச்சீங்களா?"

"இல்லை. எப்பவும் இப்படித்தான்."

"உங்க சொந்தப் பாட்டில்லயும்?"

"ஆமா. எங்க வீட்டுல எச்சில் பண்ணக் கூடாது. சின்னதுலேருந்து பழக்கம்."

"சைக்கிள்ல போகும்போது?"

"அப்பவும்தான்."

"மலை ஏறும்போது? மூச்சு வாங்கும்போது?"

"ஏறும்போதும்தான் திதி. மூடியைக் கட்டைவிரலால நெம்பித் திறந்து ஊத்திக்குவேன். அதுக்குத்தான் பசங்க ஷவர்னு கூப்பிடுறது."

அவள் எழுந்து சுவரிடம் போனாள். நடுவிலிருந்த படத்தைப் பிய்த்து எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இத்தனை நாளா எல்லாரும் டேப்பைத்தான் பார்த்தோம். நானும்தான். மூடியைப் பாருங்க."

பார்த்தேன். பந்தயப் பாட்டிலின் மூடியில் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் அதைப் பல்லால் கடித்து இழுத்துத் திறப்பார்கள். படத்தில் இருந்த மூக்கு மென்ற கரும்பு மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நசுங்கி, பல் தடத்தின் மேல் பல் தடம். பல நாள் கடித்த கடி.

"ஒரு வாய் குடிச்சதுல இவ்வளவு பல் படுமா?" என்று கேட்டாள்.

"படாது."

"இது யார் பாட்டில் தாதா?"

எனக்குத் தெரியும். நாள் முழுக்க நான் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். கேப்டன் களைத்தால் மூடியைக் கடித்துக்கொண்டே ஓட்டுவான். கறுப்பு டேப்பை உரித்துவிட்டு மஞ்சளைச் சுற்றியிருக்கிறார்கள். கையில் கிடைத்த பாட்டிலில் கலரை மாற்றினால் போதும் என்று மேனேஜர் நினைத்திருக்கிறார். தண்ணீர் கொண்டுவருகிறவன் எப்படிக் குடிக்கிறான் என்று அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

"நீங்க ஏன் இதை முதல்லயே சொல்லல?" என்றாள்.

"மூடியை யாரும் என்கிட்ட காட்டல. எப்படிக் குடிக்கிறேன்னும் யாரும் கேட்கல."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி வேலையில் இறங்கினாள்.

அவள் வேலை செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மலை ஏறுவதைவிடப் பொறுமை வேண்டிய வேலை. என்னை மட்டும் யாரும் படம் எடுத்தது கிடையாது. ஆனால் கேப்டனை எடுத்த படம் எல்லாவற்றிலும் பின்னால் ஓர் ஓரத்தில் நான் இருந்தேன். அவள் படம் பிடித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, வெட்டாத படத்தைக் கேட்டு வாங்கினாள். டிவியில் வந்த பந்தயங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஒடிசா, சிக்கிம், எங்கேயோ ஒரு பாலம். எல்லாவற்றிலும் கேப்டன் முன்னால். பின்னால் நான், தலை மேலே, கை மேலே, நடுவில் கம்பி மாதிரித் தண்ணீர்.

"உங்களை ஓரமா வச்சதே நல்லதாப் போச்சு தாதா. அவரோட வெற்றிப் படத்துல எல்லாம் நீங்க சாட்சிக்கு நிக்கிறீங்க."

ஒருநாள் காலை என்னை ஏரிக்கரைக்கு வரச் சொன்னாள். பந்தய வேகத்தில் ஓட்டிக்கொண்டே குடிக்கச் சொல்லி போனில் படம் பிடித்தாள். நடக்க வந்த ஒரு பெரியவர் நின்று, "என்ன, சினிமாவா?" என்றார். "இல்ல மேஷோமோஷாய், தண்ணி குடிக்கிறார்" என்றாள், பெரியப்பாவைக் கூப்பிடுகிற மரியாதையோடு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் சேர்ந்த பிறகும் எழுதவில்லை. மேனேஜரிடம் கேட்க வேண்டும் என்றாள்.

"அவர்கிட்ட எதுக்கு? உஷாராயிடுவார்."

"யாரைப் பத்தி எழுதுறோமோ அவங்ககிட்ட கேட்காம எழுதக் கூடாது தாதா. அதுதான் எங்க முறை. ஆனா எதை முதல்ல கேட்கணும்னு இருக்கு இல்லையா?"

போனை ஸ்பீக்கரில் போட்டாள். தான் யார், எந்தப் பத்திரிகை, இதைப் பதிவு செய்கிறேன் என்று முதலில் சொன்னாள். நான் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சார், அந்த மஞ்சள் பாட்டில் தண்ணிக்காரரோடதுதான்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"மேடம், நூத்துக்கு நூறு. டேப் சுத்தினதே நான்தான்."

"கடைசி நாள் மாறியிருக்க வாய்ப்பு இருக்கா?"

"இல்லவே இல்லை. முதல் நாள்லேருந்து அதே பாட்டில்தான் அவன்கிட்ட இருந்துச்சு. எங்க டீம்ல ஒரு ஒழுங்கு உண்டு."

"வேற யாராவது அதுல குடிச்சிருப்பாங்களா?"

"யாரும் கிடையாது. அவன்தான் குடிப்பான். கேப்டன் கடைசி ஏத்தத்துல ஒரே ஒரு வாய். அவ்வளவுதான்."

"அப்போ மூடியில இருக்கிற பல் தடமெல்லாம் தண்ணிக்காரரோடது?"

"வேற யாரோடது? ஆடு மாதிரி மெல்லுவான் அவன்."

அவள் என்னைப் பார்த்தாள். குரல் மாறவே இல்லை.

"சார், அவர் பாட்டில்ல வாயே வைக்கிறதில்லைன்னு என்கிட்ட படங்கள் இருக்கு. வருஷக்கணக்கா எடுத்த படங்கள். எல்லாத்தையும் உங்களுக்கு இப்ப அனுப்பியிருக்கேன். இதுக்கு உங்க பதில் என்ன?"

அந்தப் பக்கம் கார் ஹாரன் ஒன்று கேட்டது. பிறகு, "நான் அப்புறம் பேசறேன்" என்றார்.

அப்புறம் அவர் பேசவில்லை. அவருடைய வக்கீல் பேசினார். மிரட்டினார். அவள் அதையும் குறித்துக்கொண்டு, கட்டுரையில் அதையும் சேர்த்துப் போட்டாள்.

கட்டுரை வெளிவந்த காலையில் எனக்கு வழக்கம்போல மாவு இருந்தது. எனக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. என் மனைவி கடையில் ஒரு வங்காளிப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நான் வாளியோடு மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது மீன்காரர் அரிவாள்மணையை விட்டு எழுந்து கத்தினார்.

"ஏ ஆல்கொச்சே தாதா! வாயே வைக்காம ஜெயிச்சுட்டீங்களே!"

பூக்காரர்கள் போனை நீட்டிக் காட்டினார்கள். நான் கை மேலே, தலை மேலே. அந்தப் படம் பெரிதாக, நடுவில். கேப்டன் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு. டீக்கடைக்காரர் வலுக்கட்டாயமாக ஒரு டீயைக் கையில் திணித்தார். மண் குவளை. எல்லோரும் நான் எப்படிக் குடிக்கப் போகிறேன் என்று சுற்றி நின்று பார்த்தார்கள். வாய் வைத்துத்தான் குடித்தேன்.

"ஓ, இதுல மட்டும் வாய் வைக்கலாமா?" என்றார் டீக்கடைக்காரர்.

"குடிச்சதும் உடைச்சிடறோமே" என்றேன்.

மார்க்கெட்டே சிரித்தது. நான் சொன்னதற்கு அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி கடைப் படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இப்பமாவது வாயைத் திறந்தீகளே" என்றாள்.

விசாரணைக்குழு பாட்டிலை மறுபடி எடுத்துச் சோதிக்கச் சொன்னது. மூடியில் இருந்த எச்சில் ஒரே ஆளுடையது. கேப்டனுடையது. என்னுடையது ஒரு துளிகூட இல்லை. அதற்குப் பிறகு பேர் போடப் பயந்த பையன்கள் ஒவ்வொருவராக முன்வந்து பேர் சொல்லிப் பேசினார்கள். கேப்டனின் பட்டத்தைப் பறித்தார்கள். மேனேஜர் இனி எந்த டீமின் காரிலும் ஏற முடியாது. என் மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தீர்ப்பைப் படித்த பெரியவர் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

"பத்திரிகைக்கார திதியைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்க. வெளியில மழையில நிக்கிறாங்க" என்றேன்.

அவள் நனைந்த குடையோடு உள்ளே வந்தாள். அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். அவள் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டாள்.  

இப்போது வேறு டீமில் இருக்கிறேன். சின்ன டீம். வேலை அதேதான். போன பந்தயத்தில் மறுபடி சிலிகுரிப் பாதை. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் காரிடம் பின்தங்கினேன். புது மேனேஜர் ஜன்னல் வழியாகப் பாட்டில்களை நீட்டினார். எல்லாவற்றையும் செருகிக்கொண்டு முன்னால் ஏறிப் போனேன். ஆளாளுக்குக் கொடுத்தேன். கடைசியில் என் மஞ்சள் டேப் பாட்டிலை எடுத்தேன்.

டிவி மோட்டார் சைக்கிள் ஒன்று எப்போதும் முன்னால் போகிறவன் பக்கம்தான் ஓடும். அன்றைக்கு அது வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தது. கேமராக்காரன் கையால் சாடை காட்டினான். குடி, குடி.

கட்டைவிரலால் மூடியை நெம்பினேன். தலையைத் தூக்கினேன். ஏற்றம் செங்குத்தாக இருந்தது, மூச்சு வாங்கியது. ஒரு சாண் உயரத்திலிருந்து தண்ணீர் நேராக இறங்கியது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

பாட்டிலை அதன் இடத்தில் வைத்துவிட்டு மிதித்தேன்.